தாசியின் படமும் தாசியின் கடனும்

ஜப்பான் தேசத்தில் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருங்காட்சிச்சாலையில், 2024ஆம் வருஷம் மார்ச்சுக் கடைசியிலிருந்து மே மாதம் வரை ஒரு பெரிய சித்திரக் கண்காட்சி நடந்தது. யோஷிவாரா என்பது அக்கண்காட்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம். யோஷிவாரா என்பது பழைய எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரசாங்கத்தின் அனுமதி பெற்று நடந்த தாசித் தெருக்கள். அங்கிருந்த பெண்களைக் காட்டும் மரக்கட்டை அச்சுப் படங்கள் பல தேசங்களின் சாலைகளிலிருந்தும் வரவழைத்து வைக்கப்பட்டன. ஆனால் கண்காட்சி திறப்பதற்கு முன்னாலேயே ஜப்பானிய ஜனங்களில் பலர் கண்டனம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். விளம்பரத்தில் அவ்விடத்தைக் கேளிக்கையும் கலையும் கொழித்த உல்லாச நகரம்போல் காட்டினார்களேயொழிய, அங்கே பெண்கள் விற்று வாங்கப்பட்டார்கள் என்ற சங்கதியை மறைத்துவிட்டார்கள் என்பது கண்டனத்தின் சாரம். நடத்தியவர்கள் விளம்பரத்தை மாற்றினார்கள். இப்பேர்ப்பட்ட இடம் இனி உலகில் இருக்கவே கூடாது என்பதையும் எழுதி வைத்தார்கள்.

சுரண்டையில் இருந்துகொண்டு ஜப்பான் தேசத்துத் தாசிப் படத்தைப்பற்றி எழுதுவானேன் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானதே. நாம் எழுதுவதன் கருத்து என்னவென்றால், அந்த நாட்டார் தங்கள் படத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, நம் நாட்டார் தங்கள் படத்தையும் சிலையையும் நாட்டியத்தையும் பார்த்து இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்பதேயாகும். அதுமட்டுமல்லாமல், பொட்டுக்கட்டும் வழக்கம் ஒரு பொற்காலம் என்றும், அதைச் சட்டம் போட்டு ஒழித்தவர்கள் கலையைக் கொன்றவர்கள் என்றும், மேடையிலும் புத்தகத்திலும் சொல்லித் திரிகிற ஒரு கூட்டம் இப்பொழுது கிளம்பியிருக்கிறது. ஆகவே முதலில் ஜப்பானியப் படத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பிறகு நம் வீட்டுக்கு வருவோம்.

அந்தப் படங்கள் உண்மையில் அழகானவை. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு யாதொரு தடையுமில்லை. வரைகிறவன் ஒருவன், மரத்தைச் செதுக்குகிறவன் ஒருவன், மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கிறவன் ஒருவன், இம்மூவருக்கும் முதல்போட்டு விற்கிற பதிப்பாளன் ஒருவன், ஆக நான்கு பேர் சேர்ந்த தொழில் அது. செர்ரி மரப்பலகையில் நிறத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்கி, ஒரே காகிதத்தைக் கட்டை கட்டையாக மாற்றி, கோடு பிசகாமல் அழுத்துவார்கள். ஹருநோபு என்னும் சித்திரக்காரர் காலத்தில், 1765இல், பல நிறப் படம் நன்றாக வழக்கத்துக்கு வந்தது. அதற்குப்பின் வந்து 1806இல் காலமான உட்டமாரோ என்பவர் பெண்களின் முகத்தையும் கழுத்தையும் கைவிரல்களையும் தீட்டுவதில் பெரும்பெயர் எடுத்தவர். இவை அரண்மனைக்கென்று செய்த படங்கள் அல்ல. தெருக்கடையில் இரண்டொரு கிண்ணம் சேமியாப் பலகாரம் தின்பதற்கு ஆகும் காசுக்கு, சாதாரணத் தொழிலாளியும் வாங்கிப்போகக் கூடியவை. கலை ஏழையின் வீட்டுக்குள் வருவது நல்ல காரியந்தான். ஆனால் வந்த கலை எதைச் சுமந்துகொண்டு வந்தது என்பதே கேள்வி.

யோஷிவாராவுக்கு 1617இல் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 1657இல் நகரம் தீப்பற்றி எரிந்த பிற்பாடு ஊருக்கு வெளியே அசாகுசா என்ற இடத்துக்குப் பக்கத்தில் மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, போகவர ஒரே பெரிய வாசல், அந்த வாசலில் காவல். வந்துபோகும் ஆண்களுக்கு அந்த வாசல் தாராளமாய்த் திறந்திருந்தது. உள்ளே இருக்கும் பெண்ணுக்கு அது அடைபட்ட வாசல். அந்தப் பெண்கள் யார்? பஞ்சத்தாலும் வரியாலும் நொந்துபோன குடியானவர்கள், கடனில் முழுகிய சிறு கூலிக்காரர்கள் ஆகியவர்களின் பெண்குழந்தைகள். தகப்பன் முன்பணம் வாங்கிக்கொண்டு கைச்சாத்துப் போட்டுக் கொடுப்பான். தவணை சாதாரணமாய்ப் பத்து வருஷம். அந்தப் பணத்தை மகள் தன் சரீரத்தால் அடைக்கவேண்டும். தகப்பனுக்காகத் தியாகம் செய்கிறாள் என்று ஊரார் அவளைப் புகழ்வார்கள். பெற்றோர் பக்தி என்ற நல்ல பெயர் வைத்து ஒரு வியாபாரத்தை நடத்தினார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் என்ன?

இப்பொழுது மறுபடியும் படத்தைப் பார்க்கவேண்டும். உயர்ந்த வகுப்புத் தாசி ஒருத்தி நடந்து போகிறாள். அடுக்கடுக்காய்ப் பட்டாடை, தலையிலே சீப்பும் கொண்டையூசிகளும். அந்தப் பட்டுக்கு யார் பணம் கொடுத்தது? அந்தப் பட்டும் படுக்கையும் அவள் கணக்கிலேயே எழுதப்பட்டன. அவள் எவ்வளவு பகட்டாக உடுத்தினாளோ அவ்வளவுக்குக் கடன் வளர்ந்தது. ஆகவே படத்தில் நாம் கண்டு வியக்கிற நிறம் அவளுடைய செல்வத்தின் நிறமல்ல, அவளைக் கட்டியிருக்கும் சங்கிலியின் நிறமாகும். அவளுக்கு இருபக்கத்திலும் பொம்மைகள் மாதிரி இரண்டு சிறுமிகள் நிற்பார்கள். பார்க்கிறவர்கள் அழகுக்காகச் சித்திரக்காரன் சேர்த்தவை என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களும் விற்கப்பட்ட குழந்தைகளே. எட்டு, பத்து வயதில் எடுபிடி வேலைக்கு வந்து, வயது வந்ததும் அதே தொழிலில் இறக்கப்படப் போகிறவர்கள். இன்னும் ஒரு விசேஷம்: பெண்ணைத் தனியே காட்டும் இந்தப் படங்களில், அவளிடம் வந்துபோகிற ஆண்பிள்ளை பெரும்பாலும் இருக்கமாட்டான். அவன் எங்கே? படத்தை விலைக்கு வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிறவனே அவன்! குற்றத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்குள்ளவனைக் காகிதத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, மிச்சத்தை அழகு என்று விற்றார்கள்.

யார் விற்றார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். உட்டமாரோவின் பதிப்பாளர்களில் முக்கியமானவர் சுதாயா ஜூசாபுரோ. இவர் 1750இல் யோஷிவாராவுக்குள்ளேயே பிறந்து, அதன் பெரிய வாசலுக்கு எதிரில் கடை போட்டவர். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தப் பெண், எந்தத் தரம் என்று காட்டும் வழிகாட்டிப் புத்தகத்தை அச்சிட்டு விற்றவரும் அவரே. அந்தப் பெண்களின் வண்ணப்படத்தை விற்றவரும் அவரே. கொரியூசாய் என்பவர் வரைந்த ஒரு பெரிய படவரிசையில் தாசிகள் புதுப்புது ஆடை மாதிரிகளை உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே படம் ஒன்றே மூன்று வேலை செய்தது: வீட்டுக்காரனுக்கு ஆள் பிடித்தது, துணிக்காரனுக்குத் துணி விற்றது, பதிப்பாளனுக்குப் படத்தின் விலையே லாபம். இதில் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? பெயர் கிடைத்தது என்பார்கள். நம் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகித் தைமாதத்தில் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் வீட்டுக்கு வீடு கொடுக்கிற நாட்காட்டியைச் சுவரில் மாட்டியிருக்கிற தோழர்கள் இதை நன்றாய் விளங்கிக்கொள்வார்கள். அதில் நிற்கிற பெண்ணின் முகத்துக்காகவா அது அச்சாகிறது? அவள் மேலிருக்கும் சேலைக்காகவும் நகைக்காகவுமே அல்லவா?

பெயர் விஷயத்தில் ஜப்பானிய அரசாங்கத்தின் யோக்கியதை இன்னும் வேடிக்கையானது. 1790களில் ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, படங்களில் பெண்களின் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஆனால் தாசிகளின் பெயரை மட்டும் போடலாம்! தேநீர்க்கடையில் உழைத்துப் பிழைக்கிற பெண்ணின் பெயர் படத்தில் வந்தால் ஒழுக்கம் கெட்டுப்போகும். கடனுக்கு விற்கப்பட்டவளின் பெயர் வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது! ஒழுக்கம் என்ற பெயரால் ஆட்சி செய்கிறவர்கள் எந்தத் தேசத்திலும் யாருடைய ஒழுக்கத்தைக் கவனிக்கிறார்கள், யாருடைய பிழைப்பைக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு உத்தரவே போதாதா?

அப்படிப் பெயர் பெற்றவர்களின் முடிவு என்ன? யோஷிவாராவுக்குச் சமீபத்தில் மினோவா என்ற இடத்தில் ஜோகன்ஜி என்று ஒரு பௌத்தக் கோயில் உண்டு. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘எறிந்துவிட்டுப் போகிற கோயில்’ என்பது. கேட்பாரற்றுச் செத்த தாசிகளின் பிணங்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். 1855ஆம் வருஷத்துப் பூகம்பத்திலும் நெருப்பிலும் சிக்கி மடிந்தவர்களும் அங்கே புதைக்கப்பட்டார்கள். பல்லாயிரம் பெண்கள் புதைந்த இடம் அது. பட்டாடைப் படம் உலகத்துச் சாலைகளிலெல்லாம் கண்ணாடிக்குள் பத்திரமாயிருக்கிறது. படத்துக்குரியவள் இங்கே கிடக்கிறாள்.

1872இல் ஒரு சம்பவம் நடந்தது. சீனக் கூலிகளை ஏற்றிச்சென்ற மரியா லூஸ் என்ற பெரு தேசத்துக் கப்பல் யோகஹாமாத் துறைமுகத்தில் நின்றபோது, அந்தக் கூலிகள் அடிமைகள்போல் நடத்தப்படுகிறார்கள் என்று ஜப்பானிய நீதிமன்றம் விசாரித்தது. கப்பல் பக்கத்து வக்கீல், ‘உங்கள் நாட்டிலேயே பெண்களைக் கைச்சாத்துப் போட்டு விற்கிறீர்களே, எங்களைக் கேட்க உங்களுக்கு என்ன யோக்கியதை?’ என்ற பாவனையில் திருப்பிக் கேட்டார். உலகத்துக்கு முன்னால் வெட்கப்பட்ட அரசாங்கம் அதே வருஷத்தில் தாசிகளுக்கு விடுதலை என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவில் கடனைத் தள்ளுவதற்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: இந்தப் பெண்கள் மனித உரிமையை இழந்து மாட்டுக்கும் குதிரைக்கும் சமானமாகிவிட்டார்களாம்; மாட்டினிடத்திலும் குதிரையினிடத்திலும் கடனைத் திருப்பிக்கொடு என்று கேட்க நியாயமில்லையாம்! விடுதலை கொடுக்கிறபோதுகூட மனுஷி என்று சொல்ல மனம் வரவில்லை. அடுத்த வருஷமே, தாசிவீட்டுக்கு ‘வாடகை அறை’ என்று பெயரை மாற்றி லைசென்சு கொடுத்து, தொழிலைப் பழையபடி நடக்கவிட்டார்கள். 1956இல் வந்த சட்டத்தின் பிறகுதான் அரசாங்க அனுமதி அடியோடு நீங்கியது.

நிற்க, ஜப்பானியக் கட்டைப் படங்கள் ஐரோப்பாவுக்குப் போனபோது பாரிஸ் நகரத்தார் அவற்றைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். வான்கோ என்னும் பிரசித்தி பெற்ற சித்திரக்காரர் 1887இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் அட்டையில் வந்த யோஷிவாராப் பெண்ணைப் பார்த்துத் தாமும் ஒரு படம் தீட்டினார். ஆனால் அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே பாரிஸ் நகரம் நம் தமிழ்நாட்டுத் தாசியைப் பார்த்தாகிவிட்டது. 1838இல் கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து ஆடும் பெண்களையும் மூன்று வாத்தியக்காரர்களையும், தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் பேசிக் கப்பலேற்றிக்கொண்டு போனார். அந்த ஐவரில் ஒன்று ஏறக்குறைய ஆறு வயதுக் குழந்தை. பாரிசிலும் பிறகு லண்டனிலும் கொட்டகையில் ஆடவிட்டுச் சீட்டு விற்றார்கள். அம்மணி என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார் என்னும் சிற்பி வெண்கலத்தில் சிலையாக வார்த்தார். பத்திரிகைகளில் அவளுடைய கண்ணையும் காலையும் வர்ணித்துப் பத்தி பத்தியாய் எழுதினார்கள்.

இங்கேயும் படவியாபாரம் குறைவின்றி நடந்தது. தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருந்த சித்திரக்காரர்கள், வெள்ளைக்காரத் துரைகளுக்கென்று, காகிதத்திலும் காக்காப்பொன் என்னும் அப்பிரகத் தகட்டிலும் சாதி சாதியாக, தொழில் தொழிலாகப் படம் எழுதிக் கட்டுக்கட்டாக விற்றார்கள். குயவன், சலவைத் தொழிலாளி, பாம்பாட்டி என்ற வரிசையில் ஆடுகிற தாசியும் ஒருத்தி. பிறகு புகைப்படம் வந்தது. 1900க்குப்பின் சென்னைப் படக்கடைகள் ‘நாட்டியப் பெண்கள்’ என்று பெயர் போட்டுத் தபால் கார்டு அச்சிட்டன. அணாக் கணக்கில் வாங்கி, சீமைக்கு எழுதுகிற கடிதத்துக்குப் பதிலாக அனுப்பினார்கள். யோஷிவாராப் படத்தில் தாசியின் பெயராவது இருந்தது. இந்தக் கார்டுகளில் பொதுவாக அதுவும் கிடையாது.

ஜப்பானியனுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவன் பெண்ணை வாங்கியபோது வியாபாரம் என்றே கணக்கு எழுதினான். நம்மவன் வாங்கியபோது கடவுளுக்குக் கலியாணம் என்று மந்திரம் சொன்னான். கல் விக்கிரகத்தின் பேரில் பெண்குழந்தைக்குப் பொட்டுக்கட்டுவது; கோயிலில் ஆடவும் பாடவும் வைப்பது; அதற்கென்று மானிய நிலம் விடுவது; பிறகு தர்மகர்த்தாவும் ஜமீன்தாரும் மிராசுதாரும் அவளை வைப்பாக வைத்துக்கொள்வது. ஊழியத்துக்கு அடுத்த தலைமுறையில் ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொண்டால் நிலம் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். பசிக்குப் பயந்து தாயே மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய ஏற்பாடு இது. யோஷிவாராவின் கைச்சாத்துக்குப் பத்து வருஷத்தில் முடிவு உண்டு. கடவுள் பேரால் எழுதிய கைச்சாத்துக்கு முடிவே கிடையாது; வம்சம் வம்சமாய் ஓடும். கடவுளுக்குப் பெண்சாதி வேண்டுமென்றால், எந்த வைதிகராவது, எந்தப் பிரபுவாவது தம் வீட்டுப் பெண்ணைக் கொடுத்ததுண்டா என்று கேட்கின்றோம்.

நம் குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். அருவியில் குளிக்கப் போகிறவர்களெல்லாம் சித்திரசபையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நடராசரைச் சிலையாக வைக்காமல் சித்திரமாகத் தீட்டி, சுவரெல்லாம் படம் எழுதிய மண்டபம் அது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர். அந்த நூலுக்கு அவருக்கு மானியமாகக் கிடைத்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர்பெற்றது என்பதும் நம் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் ஆடிவந்தவர்கள் யார்? பொட்டுக்கட்டிய பெண்களே. உலா வருகிற சுவாமியைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு கன்னிகை காதல்கொண்டு உருகுகிறாள் என்பது கதை. அதை ஆடுகிற பெண்ணுக்கோ, அந்தச் சுவாமியின் பேரிலேயே ஏற்கெனவே பொட்டுக் கட்டியாகிவிட்டது! காகிதத்தில் தீட்டாத யோஷிவாராப் படம் இது. 1944இல் ருக்மணி தேவியின் கலாக்ஷேத்திரம் இதே குற்றாலக் குறவஞ்சியை அடையாற்றில் மேடையேற்றி, மேல்சாதிக் குடும்பத்துப் பெண்கள் ஆடப் புகழ்பெற்றது. பரம்பரை பரம்பரையாக ஆடியவர்களுக்கு இழிவு. அதே ஆட்டத்தை வேறு குலத்தார் ஆடியதும் தெய்வீகம்! ஆட்டம் மாறவில்லை, ஆடியவளின் சாதி மாறியது. இதற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறார்கள்?

இனி, பொற்காலக்காரர்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். தாசிகளுக்குச் சொத்துரிமை இருந்தது, படிப்பு இருந்தது, குடும்ப ஸ்திரீகளுக்கு இல்லாத சுதந்திரம் இருந்தது என்கிறார்கள். இது முழுப்பொய் அல்ல. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இராஜராஜ சோழன் நானூறு தளிச்சேரிப் பெண்டிரைக் குடியேற்றி, ஒவ்வொருத்தி பெயரையும் கல்லில் வெட்டி, நெல் பங்கு கொடுத்தான் என்பதும் கல்வெட்டில் உள்ளதே. அக்காலத்து நிலைமையும் பிற்காலத்துத் தாசி நிலைமையும் ஒன்றே என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் தாசிக்குப் படிப்பும் சொத்தும் இருந்தது என்று சொல்வதில், மற்றப் பெண்களுக்கு அவை இல்லை என்ற ஒப்புதல் அல்லவா அடங்கியிருக்கிறது? படிக்க வேண்டுமானால் பொட்டுக்கட்டிக்கொள், மானமாய் வாழவேண்டுமானால் படிக்காதே என்று பெண்ணினத்தை இரண்டாய்ப் பிளந்து வைத்ததற்கு இது சாட்சியே தவிர, பெருமையாகாது. அதனால்தான் 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு எல்லாப் பெண்களுக்கும் ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது.

அந்தக் குலத்துப் பெண்களிலேயே சிலர் சட்டத்தை எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எல்லோரையும் சேர்த்து விபசாரிகள் என்று சட்டத்தில் முத்திரை குத்துகிறார்களே என்று அவர்கள் மனம் நொந்தார்கள். அந்த மனநோவை நாம் அலட்சியமாய்த் தள்ளமாட்டோம். ஏனென்றால் இழிவு அவர்களுடையதல்ல. ‘தாசி’ என்று பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவள் வாசலுக்குப் போன ஆணுக்கு நம் பாஷையில் அப்படியொரு குலப்பெயர் இல்லையே! இதே நாகரத்தினம்மாள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாபசிம்மன் சபையிலிருந்த முத்துப்பழனி என்ற தாசி, தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற காவியம் எழுதியிருந்தார். நாகரத்தினம்மாள் அதைத் தேடியெடுத்து 1910இல் அச்சிட்டார். ஆபாசம் என்று சொல்லி அரசாங்கம் அதைத் தடுத்துவிட்டது. 1940களின் பிற்பகுதியில்தான் தடை நீங்கியது. ஆண்கள் எழுதிய சிருங்காரக் காவியங்களுக்கு ஆபத்தில்லை. தாசியின் படம் போட்ட தபால் கார்டுக்கும் ஆபத்தில்லை. தாசியே தன் கையால் எழுதினால் மாத்திரம் ஆபாசம்! அவளைப் பார்க்கலாம், அவள் பேசக்கூடாது என்பதுதான் இவர்களுடைய கலையபிமானம்.

சட்டம் வந்ததால் கலை செத்தது என்பது அடுத்த காரணம். செத்ததா? இன்றைக்குச் சென்னையில் மார்கழியில் எத்தனை சபை, எத்தனை அரங்கேற்றம்! அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும்கூட ஆடுகிறார்கள். ஆடுகிறதற்குப் பொட்டுக்கட்ட வேண்டியதில்லை என்று இதனால் நிரூபணமாகிவிட்டதே. ஆட்டத்தைத் தாசிகள் வளர்த்தார்கள் என்பது மெய். பொட்டு வளர்த்தது என்பது பொய். உட்டமாரோவின் கைத்திறனை யோஷிவாராவின் அகழியா கற்றுக்கொடுத்தது?

நம் நாட்டில் சட்டம் வந்த வழியைச் சுருக்கமாய்ச் சொல்லுவோம். சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, ஊழியம் செய்தாலொழிய நிலமில்லை என்ற கட்டை அறுத்தார். நிலம் அவளுக்கே, ஊழியம் வேண்டாம் என்றாயிற்று. நம் புத்திக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரியமாகப் படுகிறது. கடனைத் தள்ளாமல் விடுதலை என்று சொன்னால் அது வெறும் வார்த்தை என்பதை ஜப்பான் கதையில் பார்த்தோமே. மதம் போச்சு, சாஸ்திரம் போச்சு, கலை போச்சு என்ற கூச்சலையெல்லாம் தாண்டிப் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அக்காலத்தில் நம் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 வரைக்கும் அப்படித்தான். அங்கே 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி சேதுலட்சுமி பாய் கோயில்களில் இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார். செங்கோட்டையில் நின்ற வழக்கத்தைக் குற்றாலத்தில் சட்டப்படி நிறுத்த இன்னும் பதினாறு வருஷத்துக்கு மேல் பிடித்தது! நாலு மைல் தூரத்துக்குள் சாஸ்திரமும் கடவுளும் மாறுமா? மனுஷன் வைத்த ஏற்பாடு, மனுஷன் எடுத்தால் போய்விடும் என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே உள்ள அத்தாட்சி இது.

இதற்காகத் தெருத்தெருவாய் உழைத்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883இல் பிறந்தவர். சிறுபிள்ளையாயிருக்கையில், பத்து ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் தாசி ஒருத்தியிடம் கொடுக்கப்பட்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதினோர் குறிக்கிறார்கள். யோஷிவாராவுக்குப் போன குடியானவன் மகளுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றே ஒன்று: இவரை யாரும் படம் எழுதவில்லை, இவரே பேனாவை எடுத்து எழுதினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். தாசியின் அழகை வர்ணிப்பதற்காக எழுதிய கதையல்ல அது; அந்தத் தொழிலின் கணக்கு வழக்கை, யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை, உள்ளிருந்து வெளியே கொண்டுவந்து போட்ட புத்தகம். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையிலும் சென்றார். 2022இல் தமிழ்நாடு அரசாங்கம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்ற திட்டத்தை அவருடைய பெயரால் தொடங்கியது. நம் சுரண்டை காமராசர் அரசு கலைக் கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போகிற பெண்பிள்ளைகளிடம் கேட்கின்றோம்: அந்தப் பெயருக்குரியவர் என்ன விலைக்குக் கொடுக்கப்பட்டார் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்லாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்; மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. மாத்தம்மா என்ற பெயரால் திருவள்ளூர்ப் பக்கத்திலும் சித்தூர்ப் பக்கத்திலும் ஏழைத் தாழ்த்தப்பட்டவர் வீட்டுப் பெண்குழந்தைகளை அம்மனுக்கு நேர்ந்துவிடுகிறார்கள் என்ற புகாரின்பேரில், தேசிய மனித உரிமை ஆணையம் 2017இல் தமிழ்நாடு, ஆந்திர அரசாங்கங்களிடம் அறிக்கை கேட்டது. சட்டம் வந்து எழுபது வருஷமான பிறகும் அப்படிக் கேட்கவேண்டியிருந்தது. பொற்காலம் பேசுகிறவர்கள் யாராவது அந்தக் குழந்தைகளைப் போய்ப் பார்த்தார்களா?

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால், படத்தைக் கொளுத்து, சிலையை உடை என்பதல்ல. அந்தப் பெண்கள் வாழ்ந்ததற்கு மிஞ்சியிருக்கும் அடையாளங்களை அழித்தால், அவர்களை விற்றவர்களுக்குத்தான் அது சௌகரியம். படம் இருக்கட்டும், பக்கத்தில் உண்மையும் இருக்கட்டும். நம் அருங்காட்சிச்சாலைகளில் தாசிப் படமும் ஆடற்பெண் சித்திரமும் தொங்குகிற இடத்தில், ‘அழகிய நாட்டிய மங்கை’ என்று எழுதுவதோடு நிற்காமல், பொட்டுக்கட்டுதல் இன்னது, மானியம் இன்னது, 1929 சட்டம் இன்னது, 1947 சட்டம் இன்னது என்று தமிழில் நாலு வரி எழுதி வைக்கவேண்டும். நாட்டிய சபைகள் ஒவ்வொரு பதமும் வர்ணமும் எந்தப் பெண்கள் கையிலிருந்து வந்தது என்று மேடையில் சொல்லவேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சோழர் ஓவியத்தின் படத்தைப் போடுகிறவர்கள் இராமாமிர்தம் அம்மையாரின் படத்தையும் போடவேண்டும். டோக்கியோவில் ஜனங்கள் கேட்ட பிறகுதான் எழுதினார்கள். இங்கேயும் நாம் கேட்டால்தான் எழுதுவார்கள்.

தோழர்களே! இனி எந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தாலும், அது ஜப்பானியக் கட்டை அச்சாயிருந்தாலும், சித்திரசபைச் சுவராயிருந்தாலும், ஜவுளிக்கடை நாட்காட்டியாயிருந்தாலும், கைபேசியில் வருகிற விளம்பரமாயிருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சேலைக்குப் பணம் கொடுத்தவன் யார்? இந்தப் படத்தால் லாபம் அடைகிறவன் யார்? படத்துக்கு வெளியே ஒளிந்து நிற்கிற ஆண்பிள்ளை யார்? இந்த மூன்றையும் கேட்கப் பழகிய ஊரில் பொற்காலப் பேச்சு எடுபடாது; பொட்டுக்கட்டவும் எவனும் துணியமாட்டான்.